மழைக்குக் கழித்த நாலு கிலோ

ஓய்வு பெற்ற பிறகு எனக்குப் புதிதாக ஒரு பெயர் வந்திருக்கிறது. இலங்கையின் ஊவாவில் எந்தத் தேயிலைத் தோட்டத்திலாவது யாருக்காவது 'வயிறு சுருக்கும் ஆபரேஷன்' என்ற பேச்சு எழுந்தால், அங்குள்ள வைத்திய உதவியாளர் எனக்குப் போன் போடுகிறார். "சேர், எந்த டாக்டர்கிட்ட அனுப்புறது? இன்ஷூரன்ஸ்ல எப்படி எடுத்தீங்க?" என்று கேட்கிறார். நான் வாழ்நாளில் ஒரே ஒருவரைத்தான் அந்த ஆபரேஷனுக்கு அனுப்பியிருக்கிறேன். அதையும் முதலில் கெடுத்து வைத்தவன் நானேதான். போனில் இதைச் சொன்னால் தன்னடக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதனால் எழுதிவிடுகிறேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பதுளையில் வார்டு வார்டாக நின்று தையல் போடவும் ஊசி போடவும், பெரிய டாக்டர் வரும்போது சுவரோடு சுவராக ஒதுங்கவும் கற்றுக்கொண்டேன். பிறகு லுணுகலைப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் முப்பத்தொரு வருடம். காகிதத்தில் நான் வைத்திய உதவியாளர். தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் எல்லோருக்கும் 'டாக்டர் ஐயா'. குளவிக் கொட்டு, கவ்வாத்துக் கத்தி வெட்டு, பிரஷர், பிரசவத்துக்கு வாகனம் பிடிப்பது என்று காலம் ஓடியது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது இரத்தச் சோகையும் மெலிவும்தான் எங்கள் கவலை. ஒருவருக்கு உடம்பு பெருத்தால் 'நல்லா இருக்காங்க' என்றுதான் தோட்டத்தில் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

தவமணி டீச்சர் எங்கள் பிள்ளைமடுவத்துப் பொறுப்பாளர். தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போனதும் கைக்குழந்தையிலிருந்து பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகள் வரை அவரிடம்தான் இருக்கும். நாற்பத்தொரு வயது. இரண்டு பிரசவத்துக்குப் பிறகு ஏறிய உடம்பு இறங்கவே இல்லை. நீரிழிவு வந்தது, முழங்கால் போனது, தூக்கத்தில் மூச்சு முட்டியது. எல்லாவற்றுக்கும் நான் ஒரே மருந்துதான் வைத்திருந்தேன்: "சோத்தைக் கொறைங்க டீச்சர்." அவரும் சிரித்துக்கொண்டே மாத்திரையை வாங்கிப் போவார்.

மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்த பிறகு எங்கள் பக்கத்தில் மழையை யாரும் விளையாட்டாக எடுப்பதில்லை. எச்சரிக்கை வந்தால் கீழ் லயத்து ஆட்கள் எல்லோரும் மேட்டில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்கு ஏறிவிட வேண்டும். பிள்ளைமடுவமும் கீழேதான். ஒரு நவம்பர் மாதம், பகல் இரண்டு மணி இருக்கும், சிவப்பு எச்சரிக்கை வந்தது. பிள்ளைகளைத் தூக்கவும் நடத்தவும் தாய்மார் ஓடி வந்தார்கள். தவமணி டீச்சர் கடைசிப் பிள்ளையையும் அனுப்பிவிட்டுத்தான் ஏறத் தொடங்கியிருக்கிறார். பாதி வழியில் படிக்கட்டு திரும்புகிற வளைவில் மூச்சு நின்றுவிடும் போலாகி உட்கார்ந்துவிட்டார்.

மேலே நான் பிள்ளைகளை எண்ணினேன். பதினாலு இருக்க வேண்டும், பதின்மூன்றுதான் இருந்தது. மறுபடி எண்ணினேன். தொழிற்சாலை வாசலில் கொழுந்து நிறுக்கும் செல்லையாவின் பேத்தியைக் காணவில்லை. மூன்று வயதுக் குழந்தை. டீச்சரும் வந்து சேரவில்லை. அவரைத் தூக்கி வர ஒரு நாற்காலியோடு நாங்கள் நாலு பேர் மழையில் கீழே ஓடினோம். வளைவில் டீச்சர் நனைந்து உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் அந்தக் குழந்தை. டீச்சரைக் காணவில்லை என்று கூட்டத்திலிருந்து நழுவித் தானாக இறங்கி வந்திருக்கிறாள்.

அன்று மண் சரியவில்லை. சரிந்திருந்தால் என்று நினைக்க எனக்கு இன்றும் பயமாக இருக்கிறது.

அடுத்த வாரம் டீச்சர் டிஸ்பென்சரிக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். சிரிப்பு இல்லை.

"ஐயா, ஒன்னு நான் இந்த வேலைய விடணும். இல்லாட்டி இந்த ஒடம்ப விடணும். என்னால ஒரு புள்ள போயிருக்கும்."

"வேலைய விட்டா?"

"வேற யாரு இருக்கா? அந்தப் புள்ளைங்க வேற யார்கிட்டயும் நிக்காதுங்க."

அந்தப் பேச்சிலிருந்துதான் வயிறு சுருக்கும் ஆபரேஷன் யோசனை ஆரம்பமானது.

டாக்டரைத் தேடியது ஒரு தனிக் கதை. பதுளையில் எனக்குப் பழக்கமான சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவர், "நான் இதைச் செய்வதில்லை, செய்கிறவர்கள் கொழும்பில் இருக்கிறார்கள்" என்று நேர்மையாகச் சொல்லி மூன்று பெயர்களை எழுதிக் கொடுத்தார். முதலாமவரின் இடத்துக்குப் போன் போட்டேன். போனை எடுத்த பெண்பிள்ளை நோயாளியின் வயதைக்கூடக் கேட்கவில்லை. அடுத்த கிழமை இடம் இருக்கிறது, வருகிறீர்களா என்றது. இரண்டாமவரை நேரில் பார்த்தோம். கெட்டிக்காரர். ஆனால் ஆறு கிழமைக்குப் பிறகு தன்னிடம் வரத் தேவையில்லை என்றார். அது எனக்கு உறுத்தியது.

மூன்றாமவர் ஒரு டாக்டரம்மா. பதுளையிலிருந்து பஸ்ஸில் இரண்டு இருக்கை எடுத்து டீச்சரை அழைத்துப் போனேன். டாக்டரம்மா டீச்சரை விட என்னைத்தான் அதிகம் விசாரித்தார்.

"ஆபரேஷன் ஒரு மணித்தியால வேலை. அதுக்குப் பிறகு காலம் பூரா இவங்களுக்கு விட்டமின் குடுக்கணும், ரத்தம் பாக்கணும், சாப்பாட்டைக் கவனிக்கணும். அங்க யார் பாக்குறது?"

"நான்தான் டாக்டர்."

"நீங்க ஓய்வு பெற்றா?"

அதை நான் யோசித்திருக்கவில்லை. "எழுதி வச்சிட்டுப் போவேன்" என்றேன். அவர் தலையாட்டினார். பிறகு டீச்சர் பக்கம் திரும்பி, இரைப்பையின் பெரும்பகுதியை எடுத்துவிட்டு மிச்சத்தை ஒரு கதலிப்பழ அளவுக்குத் தைத்துவிடுவார்கள் என்று படம் போட்டுக் காட்டினார். யாருக்கெல்லாம் இது சரிவராமல் போனது என்பதையும் மறைக்காமல் சொன்னார். வெளியே வந்ததும் டீச்சர், "இவங்கதான் ஐயா" என்றார். என் தீர்மானமும் அதுவேதான். போன் போடுகிறவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன். ஆபரேஷனுக்குப் பிறகு என்ன என்று கேட்கிற டாக்டரிடம் போங்கள்.

அந்த டாக்டரம்மா அரசாங்க வைத்தியசாலையிலும் இதைச் செய்பவர்தான். ஆனால் அங்கே வரிசை நீளம். தனியார் மருத்துவமனை என்றால் காப்புறுதி, அதாவது இன்ஷூரன்ஸ், வேண்டும். டீச்சர் தோட்டத்து உத்தியோகத்தர் கணக்கில் வருவதால் தோட்டக் கம்பெனியின் கூட்டு மருத்துவக் காப்புறுதியில் அவர் பெயர் இருந்தது. அதில் இந்த ஆபரேஷனுக்கு இடமும் இருந்தது, ஒரு நிபந்தனையோடு. உயரத்துக்கும் நிறைக்கும் போடுகிற கணக்கு, பிஎம்ஐ என்பார்களே, அது நாற்பதுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். தொடர்ந்து ஆறு மாதம் வைத்திய மேற்பார்வையில் நிறுத்து எழுதிய பதிவும் வேண்டும். டீச்சரின் உயரத்துக்கு அந்தக் கோடு நூற்றிரண்டரைக் கிலோவில் விழுந்தது. கொழும்பில் டாக்டரம்மாவின் தராசு நூற்றாறு காட்டியிருந்தது. நாங்கள் தைரியமாக இருந்தோம்.

சிக்கல் எங்கே என்றால், என் டிஸ்பென்சரித் தராசு நூறோடு நின்றுவிடும். கர்ப்பிணிகளை நிறுக்கக் கொடுத்தது அது. தோட்டத்தில் அதற்கு மேல் நிறுக்கக்கூடியது ஒன்றே ஒன்று: தொழிற்சாலை வாசலில் கொழுந்துச் சாக்குகளை ஏற்றும் மேடைத் தராசு. மாதத்தின் முதல் வியாழக்கிழமை, பகல் கொழுந்து நிறுத்து முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, டீச்சர் அங்கே வருவார். செருப்பைக் கழற்றி மேடையில் ஏறுவார். தராசின் முள் இருக்கும் முகம் நிறுக்கிறவரின் பக்கம் திரும்பியிருக்கும். எதிரே நிற்பவருக்குத் தெரியாது. எங்கள் பக்கத் தராசுகள் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். ஒரு பெண்ணின் நிறையைச் சத்தமாகச் சொல்வது மரியாதை இல்லை என்பதால் செல்லையா அதைத் துண்டில் எழுதி என்னிடம் நீட்டுவார். நான் மரியாதையாக மறுபக்கம் பார்த்துக்கொண்டு நின்று, துண்டை வாங்கி, பதிவில் ஏற்றிக் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்துவேன்.

ஓகஸ்டில் நூற்றைந்து. செப்டெம்பரிலும் அதுவே. மழை தொடங்கிய ஒக்டோபரில் நூற்றுமூன்று. டிசம்பரில் நூற்றொன்று.

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அவருக்குச் சாப்பாட்டு முறை எழுதிக் கொடுத்தது நான்தான்: காலையில் ரொட்டி பாதி, மத்தியானம் கையளவு சோறு, தேத்தண்ணிக்குச் சீனி இல்லை. "பாத்தீங்களா, கொறஞ்சிருக்கு!" என்றேன்.

"நான் கொறையலைங்க ஐயா. சட்டை அதே இறுக்கமாத்தான் இருக்கு."

"தராசு பொய் சொல்லுமா டீச்சர்?" என்று அதட்டினேன். அந்த வார்த்தையை நினைத்தால் இன்றும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

பெப்ரவரியில் காப்புறுதிக் கம்பெனியின் பதில் வந்தது. நோயாளியின் நிறை வரம்புக்குக் கீழே வந்துவிட்டது. உணவுக் கட்டுப்பாட்டிலேயே நல்ல முன்னேற்றம் தெரிகிறது. ஆகவே சத்திரசிகிச்சைக்கு அனுமதி இல்லை. விரும்பினால் இன்னொரு ஆறு மாதப் பதிவோடு விண்ணப்பிக்கலாம். ஆறு மாதம், அதற்குப் பிறகு பரிசீலனை, அதற்குப் பிறகு ஆபரேஷன். அதற்குள் அடுத்த மழை வந்துவிடும். டீச்சர் கடிதத்தை மடித்து என் மேசையில் வைத்தார்.

"என் கையில வளையல்கூடக் கழறலைங்க ஐயா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று பின்னேரம் தூறிக்கொண்டிருந்தது. நான் தொழிற்சாலைக்கு நடந்து போய், ஒன்றும் சொல்லாமல் மேடைத் தராசில் ஏறி நின்றேன். முந்திய கிழமைதான் பதுளையில் என் சொந்த நோய்க்காகக் கிளினிக் போயிருந்தேன். அறுபத்தெட்டுக் கிலோ என்று அட்டையில் எழுதியிருந்தார்கள்.

செல்லையா முள்ளைப் பார்த்தார். "அறுபத்து நாலுங்க ஐயா."

"நல்லாப் பாருங்க."

"அறுபத்து நாலுதாங்க."

நான் மேடையை விட்டு இறங்கவில்லை. நின்ற இடத்திலிருந்தே அவர் பக்கம் எட்டிக் குனிந்து முள்ளைப் பார்த்தேன். அறுபத்தெட்டு.

"நாலு கிலோ எங்கய்யா போச்சு?"

செல்லையா என்னை விசித்திரமாகப் பார்த்தார். "மழைங்களே ஐயா. ஈரத்துக்குக் கழிச்சேன்."

"நான் என்ன கொழுந்தாய்யா?"

அவருக்கே அப்போதுதான் உறைத்தது. முப்பது வருடம் அந்தத் தராசில் நின்றவர். வெயில் நாளில் சாக்குக்கு இரண்டு கிலோ, மழை நாளில் நாலு, அடைமழை என்றால் ஐந்து. கழித்துத்தான் வாய் சொல்லும், கழித்துத்தான் கை எழுதும். தராசில் ஏறுவது கொழுந்தா ஆளா என்று அந்தக் கை பார்க்கவில்லை. கொழுந்து பறிக்கிற பெண்கள் தங்கள் சம்பளத்தில் விழும் அந்தக் கழிவைப் பற்றிச் சத்தம் போடுவதை நான் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். அது என் இலாகா இல்லை என்று கடந்து போயிருக்கிறேன்.

"டீச்சருக்கும் கழிச்சீங்களா?"

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "பொம்பளப் புள்ளைக்குக் கனம் கொஞ்சம் கம்மியா இருந்தா நல்லதுதானேன்னு இருந்துட்டேங்க. அவங்களுக்குக் கூடுதலா இருந்தாத்தான் ஆபரேஷன்னு எனக்கு யாரும் சொல்லலீங்களே."

உண்மைதான். நான் சொல்லவில்லை. என் சாப்பாட்டு முறையால் குறைந்தது என்று நான் மார்தட்டிய கிலோக்கள் எல்லாம் மழையில் போனவை.

காப்புறுதிக் கம்பெனிக்குப் போன் போட்டேன். பதிவில் பிழை என்றால், பிழை எப்படி நேர்ந்தது என்று தோட்டத்திலிருந்து எழுத்தில் வேண்டும் என்றார்கள். கடிதம் எழுதி எங்கள் தோட்ட மானேஜரான பெரிய துரையிடம் கொண்டுபோனேன்.

அந்தத் துரையின் கீழ் ஒன்பது வருடம் வேலை செய்திருக்கிறேன். ஒரு நாளும் குரல் உயர்த்தியதில்லை. 'முடியாது' என்ற சொல்லையே அவர் பாவித்து நான் கேட்டதில்லை. எந்தக் காகிதத்தையும் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே படிப்பார். சரி என்றால் அங்கேயே கையெழுத்து. பிடிக்காவிட்டால் "பார்ப்போம் டாக்டர்" என்று சொல்லி, மேசையில் இருக்கும் பழைய பித்தளைப் படிக்கல்லைத் தூக்கி அதன் கீழே வைத்துவிடுவார். அந்தப் படிக்கல்லுக்குக் கீழே போன காகிதம் திரும்பி வந்து நாங்கள் யாரும் கண்டதில்லை.

என் கடிதத்தைப் படித்தார். பென்சில் ஓரிடத்தில் நின்றது.

"தராசு சரியாத்தானே இருக்கு? போன மாசந்தான் முத்திரை வச்சாங்க."

"தராசு சரிதான் சேர். சொன்ன கணக்குத்தான் பிழை."

"இதுல 'கழிவு'ன்னு ஒரு சொல்லு இருக்கு. அத எடுத்துட்டு எழுதுங்க."

"அத எடுத்தா, நாலு கிலோ எப்படிக் கொறஞ்சதுன்னு சொல்ல வழியில்ல சேர்."

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். டீச்சர் மேல் அவருக்கு இரக்கம் இல்லை என்று சொல்ல மாட்டேன். அவருடைய சொந்தக் காரில்தான் ஒரு முறை டீச்சரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி அனுப்பினார். ஆனால் அந்தச் சொல் அவர் கையெழுத்தோடு கொழும்புக்குப் போனால், அது ஒரு டீச்சரின் கதையோடு நிற்காது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "பார்ப்போம் டாக்டர்" என்றார். படிக்கல் ஒரு முறை மேலே போய்க் கீழே வந்தது.

மூன்று கிழமை காத்திருந்தேன். எனக்கு ஓய்வுக்குப் பதினொரு மாதம் பாக்கி. குவார்ட்டர்ஸைக் காலி பண்ணும் நாள், சேவைச் சான்றிதழ் எல்லாம் அந்த மேசையில்தான் தீர்மானமாகும். பயமாகத்தான் இருந்தது. வீரம் ஒன்றும் இல்லை. ஆனால் தினமும் காலையில் டிஸ்பென்சரி ஜன்னலில் நின்றால் பிள்ளைமடுவம் தெரியும். டீச்சர் கைக்குழந்தைகளை ஏணைத் தொட்டிலில் போடுவது தெரியும். நாலாவது கிழமை, என் பெயரில், என் முத்திரையில் நானே எழுதினேன். 'பதிவிலுள்ள நிறைகளை நான் தராசில் பார்த்து எழுதவில்லை. பிறர் சொன்னதை எழுதினேன். அது என் தவறு. இந்தத் தோட்டத்தில் நிறுக்கும்போது ஈரத்துக்கும் சாக்குக்கும் கழிவு போடுவது வழக்கம். ஆகவே இந்நோயாளியின் நிறையை வெயில் மாதங்களில் இரண்டு கிலோவும், மழை மாதங்களில் நாலு அல்லது ஐந்து கிலோவும் கூட்டிப் படிக்கவும்.'

நிறுத்தவரின் கையெழுத்தும் இருந்தால் நல்லது என்று செல்லையாவிடம் போனேன். வாசித்துக் காட்டினேன்.

"எனக்கு இன்னும் ரெண்டு வருஷ வேலை இருக்குங்க ஐயா."

"தெரியும். வேணாம்னா விட்டுருங்க. நான் தப்பா நெனைக்க மாட்டேன்."

அவர் பேனாவை வாங்கினார். "அன்னைக்கு என் பேத்திய மடியில வச்சிருந்தது அந்தம்மாதானே" என்று சொல்லிவிட்டு, எழுத்துக்கூட்டி, தன் முழுப் பெயரையும் எழுதினார்.

டாக்டரம்மாவும் தன் தராசுக் குறிப்போடு ஒரு கடிதம் கொடுத்தார். மே மாதம் அனுமதி வந்தது. ஜூனில் ஆபரேஷன் முடிந்தது. துரை என்னைக் கூப்பிட்டுக் காப்புறுதிக் கம்பெனி அனுப்பியிருந்த நகலைக் காட்டினார். 'கழிவு' என்ற சொல்லின் கீழே பென்சில் கோடு இருந்தது. திட்டவில்லை. "ஃபைல்ல போடுங்க" என்றார். அவ்வளவுதான். செல்லையாவையும் ஒன்றும் செய்யவில்லை. சேவைச் சான்றிதழ் மட்டும் எனக்கு ஐந்து மாதம் பிந்தி வந்தது.

பிறகு வந்த மாதங்கள் சுலபமில்லை. இரண்டு கரண்டிக் கஞ்சிக்கு அரை மணித்தியாலம். ஒரு நாள் ஆசைப்பட்டு ரொட்டித் துண்டொன்றைச் சாப்பிட்டுவிட்டு டீச்சர் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். முடி கொட்டியது, "ஏண்டா செஞ்சேன்" என்று அழுதார். விட்டமின் மாத்திரையை நான் என் கண் முன்னாலேயே விழுங்க வைத்தேன். புதிதாக வந்த நல்ல தராசில் நானே குனிந்து முள்ளைப் பார்த்து எழுதினேன்.

ஒரு நாள் கையில் வெட்டுக் காயத்தோடு கொழுந்து பறிக்கிற பெண் ஒருத்தி டிஸ்பென்சரிக்கு வந்தாள். அவளுடைய பிள்ளையும் டீச்சரிடம்தான். நான் மருந்து கட்டும்போது கேட்டாள்: "டீச்சரோட நாலு கிலோவுக்கு ஐயா கொழும்புக்குக் கடுதாசி எழுதுனீங்களாமே. எங்க நாலு கிலோவுக்கு யாருங்க எழுதுவா?" அவள் கோபமாகக் கேட்கவில்லை. நான் கட்டை இறுக்கி முடிச்சுப் போட்டேன். முப்பத்தொரு வருடத்தில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் எனக்கு மறக்க முடியாதது அதுதான். பிறகு அந்தக் கடிதத்தின் நகலொன்றை எடுத்து, கேட்டவளின் கையில் கொடுத்தேன். அதை வைத்து அந்தப் பெண்கள் தொழிற்சங்கத்தில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இன்னும் முடியவில்லை.

என் கடைசி நவம்பரில் மறுபடி சிவப்பு எச்சரிக்கை வந்தது. அதுவும் பகல்தான். நான் டிஸ்பென்சரியைப் பூட்டி, மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டேன். பெட்டி கனம், படி வழுக்கல், எனக்கும் வயது ஐம்பத்தொன்பது. அதே வளைவுக்கு வரும்போது முழங்கால் பிடித்துக்கொண்டது. பெட்டியை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். ஆட்கள் எல்லோரும் முன்னமே ஏறிப் போயிருந்தார்கள். மழைச் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை.

கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து யாரோ இறங்குகிற காலடி கேட்டது. தவமணி டீச்சர். சேலையை இடுப்பில் சொருகியிருந்தார். மூச்சு வாங்கவில்லை.

"என்னங்க டீச்சர், ஏன் எறங்குனீங்க? புள்ளைங்க?"

"பதினாறும் மேல இருக்குங்க ஐயா, எண்ணிட்டேன்." மருந்துப் பெட்டியை ஒரு கையால் தூக்கி, மறு கையை என்னிடம் நீட்டினார். "பெரியவங்கள எண்ணுனேன். ஒன்னு கொறஞ்சிச்சு."

நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.